பணம் எந்த மாதம் வேண்டும்? நெல்லைப் பக்கம் முதலீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்து டிசம்பரில் 5.25க்குக் கொண்டுவந்தது. அதே டிசம்பரில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 1 லட்சம் ரூபாயையும், டாலர் 90 ரூபாயையும் தாண்டின. ஏப்ரலில் 21,743 வரை இறங்கிய பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி, நவம்பர் கடைசியில் 26,277 என்ற பழைய உச்சத்தைக் கடந்தது. வட்டி, தங்கம், டாலர், பங்கு நான்கும் ஒரே ஆண்டில் இப்படி அசைந்தால் சேமிப்பவர் கை சும்மா இருக்காது. எது ஏறியிருக்கிறதோ அதை நோக்கிப் பணத்தை நகர்த்தத் தோன்றும்.

பெரும்பாலான நட்டம் அங்கேதான் தொடங்குகிறது. எது ஏறும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் எந்த மாதம் வேண்டும் என்பது. பிசானப் பருவ நெல் அறுவடைப் பணம் பங்குனிவாக்கில் கைக்கு வருகிறது என்றால், அதில் ஒரு பகுதி ஜூனில் பாபநாசம் அணை திறந்ததும் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பகுதிக்குச் சேமிப்புக் கணக்கு, 90 நாள் வைப்பு, லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) இவை போதும். இரண்டு மூன்று ஆண்டில் வரும் கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ வைப்பு நிதியும் தபால் நிலையமும். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் தொடத் தேவையில்லாத பணம் மட்டுமே பங்குக்கும் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுக்கும் உரியது. சிறு கம்பெனிப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்ட் என்றால் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை, காரணம், மாதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதாமல் எதிலும் பணம் போட வேண்டாம்.

நகையை முதலீடாகக் கணக்குப் பார்ப்பது

பவுன் 1 லட்சம் விற்கும் நாளில் 12 சதவீதச் சேதாரத்தோடு ஒரு பவுன் சங்கிலி எடுத்தால் 1,12,000 ஆகிறது. அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 3,360. மொத்தம் 1,15,360 ரூபாய். மறுநாள் திருப்பிக் கொடுத்தால் சேதாரமும் வரியும் வராது. கடைக்காரர் அன்றைய விலையை முழுதாகத் தந்தாலும் கிடைப்பது 1 லட்சம்தான். போட்ட பணம் திரும்பவே தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். கல் வைத்த நகையில் கல்லின் எடையும் கழிந்துபோகும். போட்டுக்கொள்ள எடுக்கும் நகையில் இது குறையில்லை, அதற்கான விலை அது. சேமிப்பு என்று எடுத்தால்தான் தவறு.

சேமிப்புக்குத் தங்கம் வேண்டும் என்றால், சந்தையில் பங்கைப் போல வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்ட் ஈடிஎஃப் இருக்கிறது. டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இல்லாதவர்களுக்கு அதே ஈடிஎஃப்பில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது. செயலிகளில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘டிஜிட்டல் கோல்ட்’ இவற்றில் சேராது. அது தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2025 நவம்பரில் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

நகைச் சீட்டு 11 மாதத்தில் முடிவதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பொருளுக்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். சேரும்போது கேட்க வேண்டியது, மாதத் தவணை அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கப்படுகிறதா, ரூபாயாகவே நிற்கிறதா என்பது. விலை ஏறும் ஆண்டில் ரூபாயாக நின்றால், 11 மாதம் கட்டிய பணமும் கடைசி நாள் விலைக்குத்தான் தங்கமாகும். நகை வாங்கும்போது அதில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (ஹால்மார்க் அடையாளக் குறியீடு) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று. 2012இல் 10 கிராம் சுத்தத் தங்கம் சராசரியாக 31,000 ரூபாய் அளவில் இருந்தது. 2018லும் ஏறக்குறைய அதே விலைதான். ஆறு ஆண்டு கழித்தும் ஏறாமல் கிடந்த பொருள் அது. 2025ஐ மட்டும் பார்த்து மொத்தச் சேமிப்பையும் அதில் கொட்டக் கூடாது. வீட்டில் இருக்கும் நகை போக, சேமிப்பில் 10 முதல் 15 சதவீதம் தங்கத்தில் இருந்தால் போதும் என்பதே எங்கள் கருத்து.

குறைந்த வட்டியைச் சரிகட்ட ஓடுவது

7 சதவீதத்துக்கு மேல் தந்த சிறப்பு வைப்புத் திட்டங்கள் பலவும் 2025இல் 6.5 பக்கம் இறங்கிவிட்டன. ஓய்வூதியத்தோடு வட்டியையும் சேர்த்துக் குடும்பம் நடத்தும் பெரியவர்களுக்கு இது வலிக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 7.25 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 72,500; 6.5 என்றால் 65,000. வித்தியாசம் மாதம் 625 ரூபாய். இந்த 625ஐ ஈடுகட்ட, மாதம் 2 சதவீதம் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் அசல் 10 லட்சத்தையும் கொண்டுபோய் வைப்பதுதான் ஆண்டுதோறும் நடக்கிறது. மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24. உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கும் ‘நிதி’ கம்பெனிகளும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் வைப்புக்குத் தரக்கூடிய உச்ச வட்டியே 12.5 சதவீதம். அதற்கு மேல் ஒருவர் சொன்னால் அவருடைய அலுவலகம், கார், மேடை எதையும் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

காப்பீடு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதில் குழப்பம் அதிகம். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு. பாளையங்கோட்டைக் கிளையில் 5, ஜங்ஷன் கிளையில் 5 என்று பிரித்தாலும் வங்கி ஒன்றென்றால் மொத்தம் 5 லட்சம்தான். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இந்தக் காப்பீட்டுக்குள் வரும். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது. நிதி கம்பெனியும் வராது.

ஏலச்சீட்டில் சேருபவர்கள் சீட்டுப் பதிவாளரின் முன் அனுமதி எண்ணைக் கேட்க வேண்டும். 1982 சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனி அனுமதி தேவை. நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒப்பந்த நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதால் கேட்கக் கூச்சப்படுவோம். கூச்சப்பட்டவர்கள்தான் பின்னால் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நிற்கிறார்கள்.

60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2025 முழுவதும் வட்டி 8.2 சதவீதமாக இருந்தது. போடும் நாளில் உள்ள வட்டி முதிர்வு வரை மாறாது என்பதுதான் வட்டி இறங்கும் காலத்தில் இதன் பலம். ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே மருத்துவச் செலவுக்கான தொகையை இதில் பூட்டக் கூடாது. வங்கியிலும் 5 லட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல் லட்சம் லட்சமாக 1, 2, 3, 4, 5 ஆண்டுக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஒன்று முதிரும், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

நம்ம ஊர்க் கம்பெனி என்பதால் பங்கு வாங்குவது

ராதாபுரம், முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுவதை நாளும் பார்க்கிறவர்களுக்கு, காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் கம்பெனியின் பங்கு தெரிந்த பங்காகத் தோன்றியதில் வியப்பில்லை. 2008 ஜனவரியில் 400 ரூபாய்க்கு மேல் விற்ற அந்தப் பங்கு 2020 மார்ச்சில் 2 ரூபாய் அளவுக்கு வந்தது. இங்கே காற்று நிற்கவில்லை, இறக்கைகளும் நிற்கவில்லை. 2007இல் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தைப் பெருங்கடனோடு வாங்கியதும், உலக நெருக்கடியில் ஆர்டர்கள் சுருங்கியதும், 2012 அக்டோபரில் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனதும் சேர்ந்து செய்த வேலை அது. ஆலை ஓடுவது வேறு, பங்குதாரருக்கு லாபம் மிஞ்சுவது வேறு.

இன்றைக்கு அதே ஆர்வம் கங்கைகொண்டான் சோலார் ஆலை மேலும் தூத்துக்குடி மின்கார் ஆலை மேலும் இருக்கிறது. கங்கைகொண்டான் ஆலை டாடா பவரின் துணை நிறுவனத்துடையது. டாடா பவர் பங்கு வாங்கினால் மின் விநியோகம், அனல்மின் நிலையம் எல்லாம் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையின் தாய்க் கம்பெனிப் பங்கு அமெரிக்காவின் நாஸ்டாக்கில்தான் விற்கிறது. அதன் பெயரில் ‘முன்கூட்டியே ஷேர் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் அது மோசடி.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கிப் பங்கு 510 ரூபாய்க்கு வெளியானபோது, “நம்ம ஊரு பேங்க்லா, எங்க போயிரப் போவுது” என்று முதல்நாள் லாபத்துக்காகவே விண்ணப்பித்தவர்கள் பலர். 1921இல் தொடங்கிய நல்ல வங்கிதான். ஆனாலும் முதல்நாள் லாபம் கிடைக்கவில்லை. ஐபிஓ (பங்கின் முதல் வெளியீடு) சமயத்தில் பேசப்படும் ‘கிரே மார்க்கெட் பிரீமியம்’ எந்தச் சந்தையிலும் பதிவாகாத வாய்வழி விலை. அதை நம்பாமல் ஐந்து ஆண்டு லாபம், கடன், செயல்பாட்டுப் பணவரவு, வங்கி என்றால் வாராக்கடன் விகிதம், புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதன்மைப் பங்குதாரர்) அடகு வைத்த பங்கு எவ்வளவு என்பதைப் பாருங்கள். எல்லாம் விவரக் குறிப்பிலும் சந்தையின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

சரிவில் எஸ்ஐபியை நிறுத்துவது

2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 ஏப்ரல் வரை நிஃப்டி 17 சதவீதம் விழுந்தபோது நிறுத்தப்பட்ட எஸ்ஐபிகள் (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணைகள்) ஏராளம். ஒரு யூனிட்டின் விலையான என்ஏவி 50 ரூபாயாக இருந்தபோது 5,000 ரூபாய்க்கு 100 யூனிட். 40க்கு இறங்கினால் 125 யூனிட். மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டு, நவம்பரில் புதிய உச்சம் வந்ததும் மறுபடி தொடங்கினால் எஸ்ஐபியின் பயனே போய்விடுகிறது. பணம் தட்டுப்பாடு என்றால் தொகையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தேதியைச் சம்பளம் அல்லது பணவரவுக்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் வங்கி ஒவ்வொரு முறையும் அபராதம் பிடிக்கும். விற்கும்போது ஓராண்டுக்குள் என்றால் லாபத்தில் 20 சதவீத வரி, ஓராண்டு கடந்தால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை, மேலே 12.5 சதவீதம்.

வளைகுடாப் பணம்

கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி வீடுகளில் டாலர் 90 என்றால் திர்ஹாம் சுமார் 24.50 என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். இன்னும் ஏறட்டும் என்று வீட்டுக்கடன் தவணையைக் கூட அனுப்பாமல் பிடித்துவைப்பது வீண். தேவைக்கானதை மாதாமாதம் அனுப்பிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு கணக்கு வகையில் நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போனதும் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்ற தனிக் கணக்கு. என்ஆர்இ வைப்பு வட்டிக்கு இங்கே வரி இல்லை, ஆனால் ஓராண்டு முடியாமல் மூடினால் வட்டியும் இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர் புதிதாக பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியோ தபால் நிலையச் சேமிப்போ தொடங்க முடியாது. ஊர் திரும்பிய பின்னும் என்ஆர்இ கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. தகுதி மாறியதும் வரிவிலக்கும் போய்விடும்.

அப்பா பெயரில் வைப்பு, அம்மா பெயரில் டீமேட் என்று போடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பணம் சட்டப்படி அவர்களுடையது. அவர்கள் உயில் எழுதாமல் போனால் உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு வரும். அண்ணன் தம்பி மனக்கசப்பில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எஃப் அண்ட் ஓவும் டிப்ஸ் குழுக்களும்

செபியின் ஆய்வில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2025 நிதியாண்டிலும் 91 சதவீதம். வாங்கிய ஆப்ஷனின் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலை நாள் கழியக் கழியத் தானாகக் கரையும். திசை சரியாக இருந்தாலும் தாமதமானால் நட்டம். நகையை அடகு வைத்து இதில் இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

டெலிகிராம், வாட்ஸ்அப்பில் பங்கு சொல்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆலோசகர் என்றால் ‘ஐஎன்ஏ’, ஆய்வாளர் என்றால் ‘ஐஎன்எச்’ என்று தொடங்கும்; செபி தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர்களுக்குப் பணம் கட்ட ‘@’ குறிக்குப் பின் ‘valid’ என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும் யுபிஐ முகவரி 2025 அக்டோபரில் வந்துவிட்டது. செயலியில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அதுவே விரைவான வழி.

கடைசியாக, நாமினி. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் அப்பா பெயரே நாமினியாக இருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். வங்கி, தபால் நிலையம், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் நான்கிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது.