பதினான்கு சீடி: பிள்ளைக்குக் கல்வி மென்பொருள் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து கணினிகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். ஓர் அப்பா வாசலில் வந்து நின்றார். கையில் பளபளக்கும் துண்டுப்பிரசுரம்.

"சேர், இத வாங்கலாமுங்களா? ஒன்னாந்தரத்துல இருந்து பதினொன்னு வரைக்கும் எல்லாம் உள்ளுக்கே இருக்காம். மாசா மாசம் கட்டினா போதுமாம்."

பிரசுரத்தில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட ஆந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் ஏமாந்த காலத்தில் அது கண்ணாடி போட்ட கிளி.

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் தள்ளியுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், வாசிகசாலைப் பின்னறையில் ஆறு கணினிகளை வைத்துக்கொண்டு 2011 இலிருந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிற பெற்றோர் வரிசையாகச் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. திரைக்குக் கிட்ட உட்காராதே, படுக்கையில் போன் பார்க்காதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை முன்னால் உட்கார வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இலேயே சொல்லிவிட்டது. அதைத் திருப்பிச் சொல்ல நான் எதற்கு?

பிள்ளை தொட்டுப் பார்க்காத சாமானுக்குப் பணம் கட்டுவது

2012. என் மூத்தவள் தரம் 6 இல் இருந்தாள். சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம், வாசிகசாலை மண்டபத்தில் டை கட்டிய இரண்டு பேர் கூட்டம் போட்டார்கள். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, புரொஜெக்டரைப் போட்டார்கள். கிளி வந்தது, வணக்கம் சொன்னது, கணக்குக் கேட்டது. டை கட்டியவர் மவுஸை அழுத்தினார், விடை சரி, கிளி கைதட்டியது. அடுத்த கேள்வி, மறுபடியும் சரி, மறுபடியும் கைதட்டல். எதை அழுத்த வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியுமே! முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் கைக்குக்கூட அந்த மவுஸ் போகவில்லை. கணினி வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற எனக்கே அது அப்போது உறைக்கவில்லை.

12,500 ரூபாய். முற்பணம் 2,500, மீதி ஐந்து மாதத்துக்கு 2,000 வீதம். பதினான்கு சீடி, மேலே தங்க எழுத்து.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முதல் சீடியில் கிளி. இரண்டிலிருந்து ஆறு வரை பாடப்புத்தகம், அதுவும் கோணலாக ஸ்கேன் செய்தது. ஒரு பக்கத்தின் மூலையில் யாரோ ஒருவரின் கட்டைவிரல்கூட விழுந்திருந்தது. 1980 இலிருந்து அரசாங்கம் சும்மா கொடுக்கிற புத்தகம் அது. என் மகளின் பையிலேயே ஒரு பிரதி இருந்தது. (இன்றைக்கென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம்.) அடுத்த மூன்று சீடிகளில் கடந்தகால வினாத்தாள்கள். பரீட்சைத் திணைக்களத்துக்குச் சொந்தமான தாள்கள்.

மிச்சத்தில்தான் பாடம் என்று சொல்லத்தக்க ஏதோ இருந்தது. தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில். மகள் கணக்குச் சீடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, மீச்சிறு பொது மடங்குன்னா என்ன? எங்க மிஸ் பொ.ம.சி. தானே சொல்லிக்கொடுத்தாங்க?" பொது மடங்குகளுட் சிறியதும் மீச்சிறு பொது மடங்கும் ஒன்றுதான் என்று விளக்கினேன். அடுத்தது இயற்பியல். நம் பிள்ளைக்கு அது பௌதிகவியல். வேதியியல் வந்தால், அது இரசாயனவியல். அந்தச் சொற்களில் குற்றம் ஒன்றுமில்லை, அக்கரையில் அவைதான் சரி. ஆனால் நம் பிள்ளை எழுதப்போவது இந்த நாட்டு வினாத்தாள். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு பாடத்தை இரண்டு பெயரில் படித்துக் குழம்புவதற்கு நான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் கணினிக்கு வைரஸ் வந்து, எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. சீடியைப் போட்டால், பதிவு எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. கொடுத்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. எங்கள் பக்கத்து ஈரத்தில் சீடிகளும் அடுத்த மாரியிலேயே பூத்துப்போயின. பெட்டி இன்னும் அலுமாரி மேலே இருக்கிறது. என் மனைவி அதைத் தூக்கி எறிய விடமாட்டாள், பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புத்தி வரட்டுமாம்.

என் காசு போனதை எப்போதோ மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு. "சேரே வாங்கியிருக்காரு" என்று சொல்லி அந்த வாரமே ஒன்பது குடும்பம் வாங்கியது. அதில் ஓர் அம்மா கொழுந்தெடுப்பவர். அவர் வீட்டில் கணினியே கிடையாது. கேட்டதற்கு, "பெறகு கம்பியூட்டர் வாங்குவோம்ல சேர், அப்ப வெல ஏறிடும்னாங்க" என்றார். கடைசித் தவணை வரைக்கும் கட்டி முடித்தார். கணினி வரவேயில்லை. இன்றும் அவர் இருக்கிற லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போனால், "வாங்க சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். அந்தச் சீடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்போது சீடிக்குப் பதிலாக டெப் (டேப்லட்), கிளிக்குப் பதிலாக ஆந்தை. அந்த அப்பா காட்டிய பிரசுரத்தில் விலை 38,000 ரூபாய். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ஆனதே, அந்தக் கணக்கில் பார்த்தாலும் 28 நாள் சம்பளம். ஒரு மாதம் முழுக்க மலையில் நின்றது அப்படியே போய்விடும்.

விற்க வருகிறவரிடம் டெப்பை ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முடியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. வைத்துவிட்டுப் போனால் முதலில் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் மழை பிடித்தால் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாமல் ஓடாத பாடம் ஆறு மாதம் சும்மா கிடக்கும். பிறகு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த வாரம் பாடசாலையில் படித்த பாடத்தை அதில் தேடச் சொல்லுங்கள். சொற்கள் அவன் கொப்பியில் இருக்கிற சொற்கள்தானா என்று கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பாருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையின் முகம் சொல்லிவிடும். டெப் உடைந்தால் வேறொன்றில் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். தருவோம் என்றால் அதை பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும்.

அந்த அப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். தலையாட்டினார். பிரசுரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தூக்கிப்போடவில்லை, கவனித்தேன்.

மார்க்கை நம்புவது

"நூற்றுக்கு நூறு எடுக்கிறான் சேர்" என்று பெருமைப்படுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பயம். பிள்ளை எப்படி எடுத்தான் என்று பின்னால் நின்று பார்த்தீர்களா?

என் வகுப்பில் ஒரு பெருக்கல் கேம் இருந்தது. சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம். பிழையான விடைக்கு வாத்து ஒன்று பலகையிலிருந்து வழுக்கி, "தொபுக்" என்று தண்ணீரில் விழும். ஆறு வயதுப் பையன் ஒருவன் ஒரு மணித்தியாலமாக ஏழாம் வாய்பாட்டில் திணறுகிறான் என்று கவலையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேள்வி 7 × 3. திரையைப் பார்த்து வாய்க்குள் "இருவத்தொன்னு" என்றான். பிறகு நிதானமாக 24 ஐ அழுத்தினான். தொபுக்! குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவனுக்கு வாய்பாடு தெரியும். அந்தக் கேமைச் செய்தவருக்குத்தான் பிள்ளைகளைத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கும் மென்பொருளில் மூன்றாவது தடவை பிள்ளை கேள்வியை வாசிப்பதே இல்லை. மேலே, கீழே, கீழே, நடுவில் என்று விரல் மனப்பாடம் செய்துவிடும். அந்த நூறும் நூறுதான்.

கேம் என்றால் கெட்டது, டெஸ்ட் என்றால் நல்லது

பத்து வயதுப் பையன் ஒருவன் ஸ்க்ராட்சில் ஒரு கேம் செய்தான். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007 இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது, கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதலாம். கொழுந்தெடுக்கும் அம்மாவை இரத்தம் உறிஞ்சும் அட்டை ஒன்று துரத்த வேண்டும் என்பது அவன் கதை. அட்டை இடது பக்கம் போக வேண்டும், அவன் 10 என்று போட்டால் வலப்பக்கம் போகிறது. 20 போட்டான், இன்னும் வேகமாக வலப்பக்கம் போனது. 1 போட்டான், மெதுவாக வலப்பக்கம் போனது. 0 போட்டான், நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, "சேர், பூச்சியத்துக்கும் கீழ ஏதாச்சும் இருக்கா?" என்றான். மறை எண்ணைத் தானாகக் கேட்டு வாங்கிய பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசலில் நின்ற அவன் அம்மா சொன்னார்: "படிக்க அனுப்பினா அட்டை வரைஞ்சிக்கிட்டு இருக்கான் சேர். அந்த கேள்வி பதில் இருக்கே, அதப் போட்டுக் குடுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. நாமெல்லாம் கேள்வி பதிலில் வளர்ந்தவர்கள். ஆனால் மென்பொருள் கேட்டு பிள்ளை பதில் சொல்வது ஒன்று, பிள்ளை சொல்லி மென்பொருள் செய்வது வேறு. வீடு கட்டுவது, படம் வரைவது, அட்டையை ஓடவைப்பது எல்லாம் இரண்டாவது வகை. அட்டையில் கல்வி என்று எழுதியிருக்காது என்பதால் பெற்றோருக்குக் கண்ணில் படுவதில்லை. (ஒட்டியிருக்கும் அட்டையைச் சொல்கிறேன், கடிக்கிற அட்டையை அல்ல.)

இங்கிலீஷில் பேசினால் இங்கிலீஷ் வந்துவிடும் என்பது

வராது. தரம் 1 பிள்ளைக்குக் கணக்கும் புரியாமல் இங்கிலீஷும் புரியாமல் இரண்டும் ஒன்றாகப் போகும். இங்கிலீஷ் வேண்டுமானால் இங்கிலீஷுக்கென்று செய்ததைப் போடுங்கள்.

சத்தத்தை அடைத்துவிடுவது

லயத்துச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் பாட்டி தூங்குகிறார், சரி. ஆனால் எழுத்தின் ஒலியைச் சொல்லித்தரும் மென்பொருளை ஊமையாக்கிவிட்டுப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள். மலிவான ஹெட்செட் ஒன்று போதும்.

"இலவசம்தானே" என்று விடுவது

சுட்டு விளையாடும் இலவச கேம்களில் துப்பாக்கிக்கு உடுப்பு விற்கிறார்கள். என் சின்னவன் ஒருநாள் என் போனில் போட்டிருந்த ரீலோட் காசு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு, "காசு குடுக்கல அப்பா, அமத்தினேன் மட்டும்தான்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை, அவன் கண்ணில் காசே படவில்லை. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடம் முழுக்கக் கணினியைப் பூட்டிவைப்பது

பரீட்சை முடிந்த அன்று இரவு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எதைத்தான் போட்டுக் கொடுப்பது?

இதைக் கேட்காமல் யாரும் போவதில்லை. சின்னவர்களுக்கு ஜிகொம்ப்ரி. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச மென்பொருள், 2 முதல் 10 வயது வரை, நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். விளம்பரம் இல்லை. தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கங்கே இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும். வரைவதற்கு டக்ஸ் பெயின்ட், அதுவும் இலவசம். எட்டு வயதுக்கு மேல் ஸ்க்ராட்ச். ஒருதடவை இறக்கிவைத்துக்கொண்டால் மூன்றும் கணினியில் இணையம் இல்லாமலே ஓடும். பழைய கணினியாக இருந்தாலும் முதல் இரண்டும் பெரும்பாலும் தாங்கும்.

கடந்தகால வினாத்தாளும் பாடப்புத்தகமும் வேண்டுமென்றால் அவையும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை வரும்போது வெற்றுப் பென் டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள், எட்டு ஜிபி போதும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பென்னில் வைரஸ் இருந்தால் செருகமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.