வன்னி வெயிலில் நாயையும் பூனையையும் காப்பது எப்படி?

பங்குனி பிறந்ததும் வன்னியில் காற்று நின்றுவிடும். சித்திரை முடியும்வரை ஒரே புழுக்கம். பிறகு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பி, குளங்களையும் வளவுகளையும் காய வைக்கும். இரண்டும் வெயில்காலம்தான் என்றாலும், நாய்க்கு முந்தியதுதான் ஆபத்துக் கூடியது.

நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நாக்கை நீட்டி இளைத்து, வாயிலும் மூச்சுவழியிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே சூட்டைத் தள்ளும். புழுக்கத்தில் அந்த ஈரம் எளிதில் ஆவியாகாது. நாய் இன்னும் வேகமாக இளைக்கும். அந்த உழைப்பே சூட்டை மேலும் ஏற்றும். ஆகவே தண்ணீர்ச் சட்டியோடு வேலை முடியவில்லை. நிழலும் காற்றோட்டமும்தான் முதல்.

படி 1: நிழலை மூன்று தரம் பாருங்கள்

காலை 9, நண்பகல் 12, பின்னேரம் 3 மணிக்கு நாய் கட்டும் இடத்தில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். காலையில் நல்ல நிழலாக இருக்கும் வீட்டின் மேற்குப்பக்கம் 3 மணிக்கு அடுப்பங்கரைதான். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மதில் நிழல் என்று ஒன்று அப்போது இருக்காது. வேம்பு, மா, புளி போன்ற மரத்தடியோ ஓலைக்கூரையோதான் உதவும்.

தரையையும் பாருங்கள். புறங்கையை 7 விநாடி வைத்திருக்க முடியாத சீமெந்து, தார், மணல் எதுவும் நாயின் பாதத்தைச் சுடும். நடத்திக்கொண்டு போவதென்றால் காலை 7 மணிக்கு முன், அல்லது பொழுதுபட்டுத் தரை ஆறிய பின்.

படி 2: கூட்டைத் திருத்துங்கள்

எங்கள் பக்கத்தில் அதிகம் காணும் பிழை, தகரம் போட்டு நாலுபக்கமும் அடைத்த கூடு. மழைக்கு அது நல்லது, வெயிலுக்குப் பொறி. இடித்துக் கட்டத் தேவையில்லை:

தகரத்துக்கு மேல் 6 அங்குல இடைவெளி விட்டுக் கம்புகளைப் பரப்பி, கிடுகோ பனையோலையோ இரண்டு அடுக்கு வேயுங்கள். ஓலை தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் பயன் பாதிதான். இடையில் காற்று ஓட வேண்டும். எதிரெதிராக இரண்டு பக்கச் சுவரைக் கழற்றிக் கம்பிவலை அடியுங்கள். கூட்டைக் கல்லின்மேல் தூக்கி வையுங்கள். 15 கிலோ நாய்க்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் போதும்.

கூட்டுக்குள் நனைத்த சாக்கு விரிக்கலாம், ஆனால் காற்றுப் படும் இடத்தில் மட்டும். ஈரச் சாக்கைப் புடையன் பாம்பும் தேடி வரும். கையால் தூக்காமல் தடியால் புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

படி 3: தண்ணீர்

சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர். 15 கிலோ நாய்க்கு ஒரு லீற்றருக்குக் கிட்ட. கடும் வெயிலில் அது இரட்டிக்கும். 4 கிலோப் பூனைக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர்.

அலுமினியச் சட்டியைவிட மண்சட்டி நல்லது, தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். கட்டிப்போட்ட நாயின் சங்கிலி சட்டியைத் தட்டிக் கவிழ்ப்பது வழமை. காலையில் நிறைத்துவிட்டு வயலுக்குப் போனவர் பின்னேரம்தான் காண்பார். சட்டியைப் பாதி உயரம் மண்ணில் புதையுங்கள், இரண்டாவது சட்டி ஒன்றை எட்டும் தூரத்தில் வேறு பக்கம் வையுங்கள். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சுருங்கி நாயை வெயிலில் நிறுத்திவிடுவதும் உண்டு. மரத்தில் கட்டாமல், இரண்டு கம்பங்களுக்கிடையே இழுத்த கம்பியில் வளையம் கோத்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

தினமும் பழைய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தும்பால் தேயுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது.

சாப்பாட்டைக் காலையிலும் இருட்டிய பின்னும் கொடுங்கள். மீன்குழம்புச் சோறு மத்தியான வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

பூனைக்கு

பூனை தன் குளிர்ந்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் ஆபத்து அடைபடுவதுதான்: அலுமாரி, சீற் போட்ட களஞ்சிய அறை, நிறுத்திய வாகனம். கதவைப் பூட்டுமுன் ஒரு தரம் தேடுங்கள். வாயைத் திறந்து இளைக்கும் பூனையை, நாய்போல இளைக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, அது அவசரம். வெள்ளைப் பூனைகளின் காதுநுனி வெயிலில் வெந்து, நாளடைவில் புற்றாகவும் மாறும். நண்பகலில் உள்ளே வைத்திருங்கள்.

படி 4: சூடு தாக்கினால்

மூக்குச் சப்பையான பக் நாய், பாரசீகப் பூனை, கொழுத்தவை, கிழடுகள், லயன் பொமேரியன் போன்ற சடையினம் ஆகியவற்றுக்கு ஆபத்துக் கூட. (சடையை ஒட்ட வழிக்காதீர்கள், தோல் வெந்துவிடும். வாரிச் சிக்கெடுத்தால் போதும்.)

நிற்காத இளைப்பு, பிசின்போல் எச்சில், கடுஞ்சிவப்பு முரசு (பல் ஈறு), தள்ளாட்டம், வாந்தி இவை அடையாளம். தெருநாய் எச்சில் வடியத் தள்ளாடினால் விசர்நாய் நோயாகவும் இருக்கலாம். தூர நின்றே தண்ணீரை வீசுங்கள், தொடாதீர்கள்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 பாகை பரனைற். 104ஐத் தாண்டினால் கவலை, 106 என்றால் உயிருக்கு ஆபத்து. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருந்து வைத்தியரிடம் போகும் நேரத்துக்குள் மூளையும் சிறுநீரகமும் கெட்டுவிடலாம். ஆகவே முதலில் குளிர்த்துங்கள், பிறகு ஏற்றுங்கள்.

கிணற்றடி நிழலில் கிடத்தி, கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடையிடுக்கு நனையும்படி வாளி வாளியாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் கொதித்த தண்ணீர் போய் முடியும்வரை ஓடவிடுங்கள். ஊற்றும்போதே ஒருவர் சுளகால் விசிறட்டும். ஈரத்துவாயால் மூடிவிடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து, 103 ஆனதும் நிறுத்துங்கள்.

பனடோல் கொடுக்கவே வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, அது வேலை செய்யாது. பூனைக்கு ஒரே குளிசை உயிரைக் குடிக்கும்.

காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்குங்கள். பூட்டிய கார் வெயிலில் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் கூடிவிடும், ஆகவே வழியில் கடையடியில் நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். எழும்பி வாலாட்டினாலும் கால்நடை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும், உள்ளுறுப்புக் கேடு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளியே வரும். மூன்று நாளைக்குச் சிறுநீரையும் முரசையும் பாருங்கள். சிறுநீர் கறுத்தாலோ, நின்றுபோனாலோ, முரசில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.