பச்சைப் பேனாவை மூடி வையுங்கள்: ஸ்டெம் செல் நியூரானாகும் பாதையைப் படிக்கும் முறை

தேர்வுக்கு முன்னால் எங்கள் வீட்டு வளவில் வந்து உட்காரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பச்சைப் பேனாவை மூடி வை, சிவப்பு போதும். பச்சை என்றால் தூண்டல், சிவப்பு என்றால் தடுப்பு. படம் போடச் சொன்னால் 'இது அதைத் தூண்டும், அது இதைத் தூண்டும்' என்று அம்புக்குறியாக இழுத்துத் தள்ளுவார்கள். இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் வாயடைக்கும் வேலை. எதை, எப்போது, எதை வைத்து அடைக்கிறார்கள் என்று பிடித்துவிட்டால் பெயர்கள் தானாக மனசில் நிற்கும்.

பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஆத்தங்குடிக் கல் மேல் விரியுங்கள் (மேசை வேண்டாம், தரைதான் குளுமை). குறுக்கே ஒரு கோடு. இடது ஓரம் 'நாள் 0'. அங்கே நிற்பது மனித ஸ்டெம் செல், உடலின் எந்த வகை செல்லாகவும் மாறக்கூடியது. அதை நியூரானாக, அதாவது நரம்பு செல்லாக, மாற்றுவதுதான் பயணம். கருவிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2007-இல் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிச் செய்து காட்டிய ஐபிஎஸ் செல்லாகவும் இருக்கலாம்.

முதல் சிவப்புக் கோடு பிஎம்பி மேல். கருவின் வெளி அடுக்குச் செல்லிடம் 'தோலாகு' என்று சொல்லும் சிக்னல் அது. 1924-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஸ்பீமனும் ஹில்டே மாங்கோல்டும் ஒரு நியூட் (பல்லி போலிருக்கும் நீர்நில வாழ் உயிரி) கருவின் சிறு துண்டை இன்னொன்றில் ஒட்டியபோது அங்கே இரண்டாவது உடல் அச்சே முளைத்தது. அந்தத் துண்டு சுரக்கும் நாகின், கார்டின் போன்ற புரதங்கள் பிஎம்பியை செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்கின்றன என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆச்சி, "அப்ப யாரும் ஒண்ணும் சொல்லாட்டி அது பாட்டுக்கு மூளையாயிருமா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் ஆச்சி. எஃப்ஜிஎஃப் சிக்னலும் வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு; தேர்வில் அதற்கு ஒரு வரி போதும்.

இரண்டாவது கோடு ஆக்டிவின்–நோடல் பக்கம்; செல்லை உள் அடுக்குகளின் பக்கம் இழுக்கும் சிக்னல் அது. அதை அடைப்பது எஸ்பி431542 என்ற சிறு மூலக்கூறு. இரண்டு சிக்னலும் செல்லுக்குள் ஸ்மாட் என்ற புரதங்கள் வழியாகத்தான் போகும்; இரண்டு பக்கமும் சேர்த்து அடைப்பதற்குத்தான் இரட்டை ஸ்மாட் தடுப்பு என்று பெயர். 2009-இல் நியூயார்க்கில் லோரென்ஸ் ஸ்டூடர் குழு இப்படிச் செய்து 80 சதவீதத்துக்கு மேல் செல்களை நரம்பு வழிக்குத் திருப்பியது. சுமார் பத்து நாளில் நரம்பு முன்னோடி செல்லின் அடையாளப் புரதமான பாக்ஸ்6 தெரியும்.

அடுத்து, நரம்பு மண்டலத்தில் எந்த இடம்? இங்கே எல்லோரும் பச்சையைத் தேடுவார்கள். பொறுங்கள். வின்ட் சிக்னலை 'ஏற்றுவதற்கு' ஊற்றும் சிர்99021 என்ற மூலக்கூறு உண்மையில் ஜிஎஸ்கே3 என்ற நொதியை அடைக்கிறது. வின்ட் செய்தியைக் கடத்தும் பீட்டா-கேட்டனினை அழிவுக்கு அனுப்புகிற அந்த ஆள் அடங்கியதும் பீட்டா-கேட்டனின் சேர்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சிக்னலும் அப்படியே: செய்தியை உள்ளே கடத்தும் ஸ்மூத்தண்ட் என்ற புரதத்தை அழுத்தி வைத்திருக்கும் பேட்ச்ட் என்ற ஏற்பியை அது அடக்குகிறது. இரண்டு சிவப்பு சேர்ந்தால் ஒரு பச்சை, அவ்வளவுதான். ரெட்டினாயிக் அமிலத்துக்கு மட்டும் தாராளமாகப் பச்சை போடுங்கள். அதோடு ஹெட்ஜ்ஹாக் சேர்ந்தால் தண்டுவடத்து மோட்டார் நியூரான். சிர்ரும் ஹெட்ஜ்ஹாகும் சரியான அளவில் சேர்ந்தால் நடுமூளை டோபமைன் நியூரான்.

கடைசிச் சிவப்பு, செல்லின் மேலுள்ள ஏற்பியான நாட்ச் மேல். இதற்குத் தாளில் அரைப் பக்கம் விடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல் வரையுங்கள். ஒன்றின் மேலுள்ள டெல்டா என்ற புரதம், மற்றதன் நாட்சைத் தொடுகிறது. காமா-செக்ரடேஸ் என்ற நொதி நாட்சின் உள்வாலை வெட்டுகிறது. வால் செல்லின் உட்கருவுக்குள் போய் ஹெஸ்1 என்ற மரபணுவை எழுப்ப, அது செல்லை நியூரானாக்கும் நியூரோஜெனினை அழுத்துகிறது. அதனால் அந்த செல் நியூரானாகாமல் முன்னோடியாகவே நிற்கும். அதன் டெல்டாவும் குறைவதால் தொட்டவனை நாட்ச் வழியாகத் தடுக்க ஆள் இல்லை, அவன் நியூரானாகிவிடுவான். காமா-செக்ரடேஸை அடைக்கும் டாப்ட் என்ற மூலக்கூறைப் போட்டால் வெட்டு நடக்காது. மிச்சமிருந்த முன்னோடிகளும் ஒன்றாக நியூரானாகக் கிளம்பும். சீக்கிரமே போட்டால் பெருக வேண்டிய முன்னோடி தீர்ந்து, தட்டில் கொஞ்சம் நியூரான்தான் மிஞ்சும். 'டாப்ட் ஏன் கடைசியில்?' என்று கேட்டால் எழுத வேண்டியது இதுதான்.

அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அடையாளப் புரதத்தை எழுதுங்கள்: ஸ்டெம் செல்லின் அடையாளமான ஆக்ட்4 மறைவது, பாக்ஸ்6 வருவது, இளம் நியூரானுக்குப் பீட்டா-3 டியூபுலின், முதிர்ந்ததற்கு மேப்2. நிறம் ஒளிர்ந்ததை வைத்து 'நியூரான் வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். மின்துடிப்பைப் பதிவு செய்தார்களா என்று வைவாவில் கேட்பார்கள்.