பேசினால் போதும்: வீட்டுப் பெரியவர்களுக்கு போன் மைக்கைப் பழக்குவது எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பூக்காரம்மா தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். வாங்குகிறவர் போனில் பணம் அனுப்புவார். இத்தனை ரூபாய் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி தமிழில் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டதும் மல்லிகைப் பொட்டலம் கை மாறும். திரையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. காது போதும்.

சோழவந்தானில் இருக்கும் என் அத்தைக்கு ஸ்மார்ட்போன் பழக்க உட்கார்ந்தபோது எனக்கு வழி காட்டியது இந்தப் பெட்டிதான். அத்தை ஐந்தாவது வரை படித்தவர். பஸ் போர்டு வாசிப்பார். ஆனால் போன் கீபோர்டில் 'க'வைத் தேடிப் பிடித்து, அதற்குக் கொம்பும் காலும் போட்டு ஒரு வார்த்தை சேர்ப்பதற்குள் கண் வலித்துவிடும். துபாயில் இருக்கும் பேத்தி போட்டோ அனுப்புவாள். அத்தை பார்ப்பார், கண் கலங்குவார், பதில் மட்டும் போகாது. இரண்டு வருடம் இப்படியே போனது.

நான் செய்த முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சைக் கேட்டு வேலை செய்கிற ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அத்தை வீட்டில் வைத்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் தமிழ்ப் பாட்டு போட்டது. அத்தை தமிழில் பேசினால் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் அது பீரோ மேல் போய்விட்டது. ஆகவே புதிதாக எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். அதில் மைக் படம் எங்கெல்லாம் இருக்கிறது, எதை எப்போது தொட வேண்டும் என்பதுதான் மொத்தப் பாடமும். கீழே உள்ள வரிசை அத்தையிடம் பலித்த வரிசை.

ஒரு நாளைக்கு ஒரு படி மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஒரே உட்காரலில் எல்லாம் சொன்னால் எதுவும் நிற்காது.

முதல் படி: வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்

இதற்கு எந்த செட்டிங்கும் மாற்ற வேண்டாம். மொழிப் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் இங்கே மெஷின் எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் குரல் அப்படியே போகிறது.

1. வாட்ஸ்அப்பைத் திறந்து, யாருக்குப் பேச வேண்டுமோ அவர் போட்டோவைப் பார்த்துத் தொடச் சொல்லுங்கள். மேலே பெயரும் போட்டோவும் வந்ததா என்று ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.
2. கீழே வலது மூலையில் மைக் படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டும். முதல் தடவை போன் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள்.
3. பேசி முடித்து விரலை எடுத்தால் மெசேஜ் போய்விடும். தப்பாகப் பேசிவிட்டால், விரலை எடுக்காமல் இடது பக்கம் இழுத்தால் அழிந்துவிடும்.

அத்தைக்குக் கட்டைவிரல் நடுங்கும். அவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, மைக்கை அழுத்தியபடி மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். பூட்டு விழுந்துவிடும். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டே பேசலாம். முடிந்ததும் பச்சை அம்புக்குறியைத் தொட்டால் போகும், குப்பைத்தொட்டி படத்தைத் தொட்டால் அழியும். எங்கள் வீட்டில் நிலைத்தது இந்த முறைதான்.

முதல் வாரம் ஒரு சங்கடம் நடந்தது. பேத்திக்கு என்று பேசியது சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குரூப்பில் விழுந்துவிட்டது. சம்பந்தி வீட்டைப் பற்றி நாலு வார்த்தை அதில் இருந்தது. அத்தை அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. உடனே அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, 'எல்லோருக்கும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்கினோம். அழிப்பது எப்படி என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். குரூப்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கும் ஆர்க்கைவில் போட்டுவிட்டு, முக்கியமான மூன்று பேரை மட்டும் எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும்படி 'பின்' செய்து வையுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வந்த மெசேஜைப் போடும்போது பக்கத்தில் 1.5, 2 என்று வேகம் காட்டும் பட்டன் வரும். கை பட்டு அது மாறிவிட்டால் பேத்தி குரல் கடகடவென்று ஓடும். அத்தை அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனார். அதே பட்டனைத் திரும்பத் தொட்டு 1 ஆக்கினால் சரியாகிவிடும். இன்னொன்று, நாம் அனுப்பிய குரலை அவர்கள் கேட்டுவிட்டால் அதன் பக்கத்தில் உள்ள மைக் படம் நீலமாகும். இதைச் சொன்னதிலிருந்து அத்தை அந்த நீலத்துக்காகக் காத்திருக்கிறார். எழுத்தில் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்காத சந்தோஷம் அது.

இரண்டாம் படி: பேசித் தேடுவது

இதற்கு ஒரே ஒரு செட்டிங் மாற்ற வேண்டும், அதை நீங்களே செய்துகொடுங்கள். கூகுள் ஆப்பைத் திறந்து, மேலே உள்ள புரொஃபைல் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், வாய்ஸ் என்பதில் மொழிப் பட்டியலைத் திறங்கள். தமிழில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு இருக்கும். இந்தியாவைத் தேர்ந்தெடுத்து அதை முதல் மொழியாக்குங்கள். போனைப் பொறுத்து இந்த இடங்களின் பெயர் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

அப்புறம் யூடியூப். பூதக்கண்ணாடி படத்தைத் தொட்டால் பக்கத்தில் மைக் வரும். அதைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். இங்கே அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் பிடித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். 'வாட்ஸ்அப்பில் பிடி, மற்ற இடத்தில் தொடு' என்று நாங்கள் ஒரு வாய்ப்பாடு மாதிரி வைத்துக்கொண்டோம்.

முதலில் அவருக்குப் பிடித்த ஒன்றைத் தேட விடுங்கள். அத்தை கேட்டது அழகர் ஆற்றில் இறங்குவதை. சித்ரா பௌர்ணமி அன்று வைகைக் கரையில் கூட்டத்தில் நிற்க இப்போது முடியாது. "அழகர் ஆத்துல எறங்குறது" என்று பேச்சு வழக்கிலேயே சொன்னார், வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, மிச்சப் படிகளை நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

வானொலி கேட்டு வளர்ந்தவர் வீட்டில் இருந்தால் ஆகாஷ்வாணியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பையும் போட்டுக்கொடுங்கள். நம் பக்கத்துக் காதுகளுக்கு நன்றாகத் தெரிந்த கோடைப் பண்பலை 100.5 அலைவரிசையில் இரைச்சலோடு வந்துகொண்டிருந்தால், இதில் தெளிவாகக் கேட்கலாம்.

மூன்றாம் படி: பேசியே எழுதுவது

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நீங்களும் செலவழிக்க வேண்டியிருக்கும். கூகுளின் குரல் தட்டச்சு 2017லேயே தமிழுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அதைத் தொட்டே பார்த்ததில்லை.

1. பிளே ஸ்டோரில் கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டு இருக்கிறதா பாருங்கள். பல போன்களில் ஏற்கெனவே இருக்கும்.
2. ஜிபோர்டு செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் போய், ஆட் கீபோர்டு தொட்டு, தமிழைச் சேருங்கள்.
3. வாட்ஸ்அப்பில் எழுதும் கட்டத்தைத் தொடுங்கள். கீபோர்டு வரும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துத் தமிழுக்கு மாற்றுங்கள்.
4. கீபோர்டின் மேல் வரிசையில் வலது ஓரம் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். எழுத்து தானாக விழும்.

ஆக, ஒரே திரையில் இரண்டு மைக். கீபோர்டு மைக்கைத் தொட்டால் எழுதும், அதற்கு மேலே மூலையில் இருப்பதைப் பிடித்தால் குரலாக அனுப்பும். இந்த வித்தியாசத்தை விரலைப் பிடித்துக் காட்டியே சொல்லுங்கள், வாயால் சொன்னால் புரியாது.

இனி பேசும் விதம். அத்தை முதலில் வெற்றிலைக் கொடிக்காலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற சத்தத்தில் பேசினார். கத்தினால் ஒலி சிதறும், மெஷின் தடுமாறும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவு போதும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் நன்றாக எடுக்கிறது. டிவி ஓடும்போதும், ஆடி மாதம் கோயில் குழாய் ரேடியோ அலறும்போதும் முயற்சி செய்யாதீர்கள்.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நிறுத்தினால் மைக் தானாகவே அணைந்துவிடும். பெரியவர்கள் நடுவில் யோசித்து யோசித்துப் பேசுவார்கள்; பாதியில் நின்றுவிட்டதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போவார்கள். "முதலில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், அப்புறம் மைக்கைத் தொடுங்கள்" என்று பழக்கினேன்.

மதுரைப் பக்கத்துப் பேச்சு எடுபடுமா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நம்மில் நிறையப் பேர் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றுதான் சொல்கிறோம். அத்தையும் அப்படித்தான். தனியாக ஒரு வார்த்தை சொன்னால் தப்பு விழ வாய்ப்பு அதிகம். "ரெண்டு சீப்பு வாளப்பளம் வாங்கிட்டு வா" என்று முழு வாக்கியமாகச் சொன்னபோது 'வாழைப்பழம்' சரியாகவே விழுந்தது. காரணம், அது ஒலியை மட்டும் வைத்து எழுதுவதில்லை. சீப்பு, வாங்கு என்று முன்னும் பின்னும் உள்ள வார்த்தைகளையும் வைத்து எது பொருந்தும் என்று கணிக்கிறது. அதனால் வாக்கியமாகப் பேசப் பழக்குங்கள். 'அம்புட்டு', 'இம்புட்டு' போன்றவற்றில் சில தடவை வேறு ஏதாவது வரும். வந்தால் வரட்டும், படிப்பவர் நம் வீட்டுப் பிள்ளைதானே. தயவுசெய்து "அப்படிச் சொல்லாதீங்க, திருத்திச் சொல்லுங்க" என்று மட்டும் அவர்கள் உச்சரிப்பைக் கண்டிக்காதீர்கள். எழுபது வயதில் பேச்சையும் ஒருவர் திருத்துகிறார் என்றால் மறுநாள் போனைத் தொடவே மாட்டார்கள்.

நான்காம் படி: பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கேள்வி கேட்பது

போனின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் பல போன்களில், சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் உதவியாளர் ஆப் வரும். முன்பு கூகுள் அசிஸ்டன்ட் இருந்த இடத்துக்கு இப்போது ஜெமினி வந்துகொண்டிருக்கிறது. ஜெமினி ஆப் 2024 முதல் தமிழும் புரிந்துகொள்கிறது. "பெரியவனுக்கு போன் போடு", "காலையில அஞ்சு மணிக்கு அலாரம் வை" என்று சொல்லிப் பாருங்கள்.

போன் போடுவது பலிக்க, கான்டாக்ட் பெயர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். அத்தை போனில் 'அண்ணன் நியூ', 'ஜியோ 2' என்று யாரோ எப்போதோ பதிந்து வைத்த பெயர்கள் இருந்தன. அவர் யாரை எப்படி வாய் நிறையக் கூப்பிடுவாரோ அப்படியே மாற்றினேன்: பெரியவன், மேலூர் சித்தி, வெற்றிலைக்காரர். தமிழில் பதிந்து சரியாக எடுக்கவில்லை என்றால் அதே பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்து பாருங்கள். இரண்டில் எது உங்கள் போனில் சரிப்படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கவும் செய்யலாம். ஆனால் மாத்திரை அளவு, உடம்புக்கு என்ன என்பதையெல்லாம் இதனிடம் கேட்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். தப்பைக்கூட அது தயங்காமல் சொல்லும். அந்தக் குரலில் தயக்கம் இல்லாததால் பெரியவர்கள் நம்பிவிடுவார்கள்.

டிவி ரிமோட்டில் மைக் இருந்தால் அதையும் இந்த நாளிலேயே காட்டிவிடலாம். சில ரிமோட்டில் அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும், சிலவற்றில் ஒரு தட்டு போதும்.

ஐந்தாம் படி: எதைப் பேசக் கூடாது

வாயால் எல்லாம் நடக்கும் என்று பழகியவரிடம் வாயாலேயே திருடலாம். ஓடிபி, ஏடிஎம் பின், யுபிஐ பின் ஆகிய மூன்றையும் போனிடமும் சொல்லக் கூடாது, போனில் பேசுகிற யாரிடமும் சொல்லக் கூடாது. நமக்குப் பணம் வர பின் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது ஏமாற்று.

இப்போது சில நொடிக் குரல் பதிவை வைத்தே ஒருவர் குரலைப் போலப் பேச வைக்க முடிகிறது. "ஆச்சி, நான்தான், ஆஸ்பத்திரியில இருக்கேன், உடனே பணம் அனுப்பு" என்று பேத்தி குரலிலேயே கால் வரலாம். நாங்கள் வீட்டுக்குள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். பழைய வீட்டில் இருந்த மாட்டின் பெயர். அதைச் சொல்லத் தெரியாதவர் எந்தக் குரலில் பேசினாலும் அத்தை போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் பேத்தியின் எண்ணுக்குத் தானே கூப்பிடுவார். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணை 'பணம் போச்சு' என்ற பெயரில் கான்டாக்ட்டில் பதிந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை. பெரிய எழுத்தில் நான்கு வாக்கியங்களைத் தாளில் எழுதி, போன் வைக்கும் அலமாரிக்கு மேலே ஒட்டுங்கள். அவர் வாயிலிருந்து வருகிற மாதிரியே எழுதுங்கள், நம் வசதிக்கு வேண்டாம். அத்தை வீட்டுத் தாளில் இருப்பவை: "பெரியவனுக்கு போன் போடு. அஞ்சு மணிக்கு எழுப்பு. அழகர் ஆத்துல எறங்குறதைக் காட்டு. இன்னைக்கு மழை வருமா?" போன வாரம் போனபோது கீழே ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுத வைத்திருக்கிறார்: "துபாய்ல இப்ப மணி என்ன?"