டேப்லெட்டுக்குக் கீபோர்டு கவர்: உயர் ரகமா, சாதாரண ரகமா?

டேப்லெட் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: கழற்றி மாட்டும் கீபோர்டு கவரில் விலை கூடியதை எடுப்பதா, சாதாரணமானதே போதுமா? சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரிலோ ஃபுனானிலோ கடைக்குள் போனால் ஒரே அளவில் இரண்டு கவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லாததால் அவர்களுடைய விமர்சனங்களில் அது வராது. அதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

"ஐபேட் புரோ, 11 அங்குலம்" என்று மட்டும் சொல்லிக் கவர் வாங்காதீர்கள். 2024இல் வந்த, எம்4 சில்லு உள்ள ஐபேட் புரோவுக்கு ஆப்பிளின் பழைய கீபோர்டு கவரான மேஜிக் கீபோர்டு பொருந்தாது. புதியது பழைய ஐபேடுக்கும் பொருந்தாது. ஐபேடில் அமைப்புகளுக்குள் 'பொது', அதற்குள் 'அறிமுகம்' பகுதியில் மாடல் எண் இருக்கும். அதைப் படம்பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மற்ற டேப்லெட்டுகளுக்கும் இப்படித்தான்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பள்ளியிடம் கேளுங்கள். பள்ளி ஏற்பாடு செய்யும் கற்றல் சாதனத்தோடு கீபோர்டு கவரும் சேர்ந்தே வருவதுண்டு.

படி 2: எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்?

மேசை மேல் மட்டும்தான் என்றால் சாதாரண ரகமே பாதி வேலையை முடித்துவிடும். மடியில் வைத்து எழுதுபவர்கள்தான் யோசிக்க வேண்டும். பின்பக்கம் கால் விரித்து நிற்கும் கவருக்கு ஆழம் அதிகம் தேவை. எம்ஆர்டி ரயில் இருக்கையில் உட்கார்ந்தால் கவரின் அந்தக் கால் உங்கள் முட்டியின் விளிம்புவரை போய்விடும், ரயில் நிற்கும்போது டேப்லெட் சாயும். கோப்பிக் கடையின் சிறிய மேசையிலும் தட்டை ஓரமாக நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு போன்றவற்றில் அடிப்பகுதி கனமாக, உறுதியான கீல் வைத்திருப்பதால் மடியில் ஆடாது.

அந்த உறுதிக்கு விலை எடைதான். 2020இல் வந்த 12.9 அங்குல மேஜிக் கீபோர்டு ஏறத்தாழ 700 கிராம். அதில் மாட்டும் ஐபேடே சுமார் 640 கிராம்தான். இரண்டும் சேர்ந்தால் மெல்லிய மடிக்கணினியைத் தாண்டிவிடும். படம் வரைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கவரை முழுவதும் பின்னால் மடிக்க முடியாது. வரைய வேண்டுமென்றால் டேப்லெட்டைக் கழற்றியாக வேண்டும். கீபோர்டு மட்டும் தனியே கழன்று, கால் டேப்லெட்டோடு இருக்கும் லாஜிடெக் காம்போ டச் போன்றவை வரைபவர்களுக்கு வசதி.

படி 3: கூடுதல் வெள்ளி எதற்குப் போகிறது?

முதலில் இணைப்பு. மலிவான கவர்களில் பெரும்பாலானவை புளூடூத்தில் ஓடுபவை. அவற்றுக்குத் தனி பேட்டரி உண்டு, தனியாகச் சார்ஜ் போட வேண்டும். சற்று நேரம் விட்டால் தூங்கிவிடும். திரும்பத் தட்டும்போது முதல் ஓரிரு எழுத்துகள் விழாமல் போகும். டேப்லெட்டை நேரடியாகத் தொடும் சிறு உலோக முனைகள், அதாவது ஊசித் தொடுமுனை (pin), உள்ள கவர்கள் டேப்லெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும். மாட்டியதும் வேலை செய்யும். பதிலுக்கு டேப்லெட்டின் பேட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கும். என்னைக் கேட்டால், மற்ற எதையும்விட இந்தத் தொடுமுனைக்குப் பணம் கொடுப்பதுதான் நியாயமான செலவு.

அடுத்தது டச்பேட். ஒரே நிறுவனத்தின் கவர்களில்கூட இது மாறும்: சாம்சங் புக் கவர் கீபோர்டு ஸ்லிம்மில் டச்பேட் கிடையாது. நீண்ட கட்டுரை திருத்துபவருக்கும் எக்செல் பார்ப்பவருக்கும் அது வேண்டும், மின்னஞ்சல் மட்டும் எழுதுபவருக்கு வேண்டாம். விசைகளுக்கு அடியில் எரியும் விளக்கு இரவில் எழுதுபவருக்கு மட்டும். விலை கூடினால் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 2020 மேஜிக் கீபோர்டில் மேல்வரிசைச் செயல்விசைகளே இல்லை; எம்4 புரோவுக்கான பதிப்பில்தான் வந்தன.

படி 4: கடையில் தமிழில் தட்டிப் பாருங்கள்

அஞ்சல் முறையில், அதாவது ஒலிப்படி எழுதுபவர்களுக்கு ஆங்கில எழுத்து விசைகளே பெரும்பாலும் போதும். தமிழ்99 முறையில் எழுதுபவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். வலது சுண்டுவிரலுக்குப் பாரம் அதிகம். ந அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, ய அதற்கு அடுத்த மேற்கோள் விசையில், ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளில், ழ சாய்கோட்டில்.

ஆங்கிலத்தில் இவை எப்போதாவது தொடும் குறிகள். அதனால்தான் 11 அங்குலமும் அதற்குக் குறைவான அளவுமுள்ள கவர்களில் இடம் பற்றாதபோது, பல நிறுவனங்கள் வலது ஓரத்து விசைகளையே ஒடுக்குகின்றன. சில மலிவுக் கவர்களில் இரண்டு குறிகளை ஒரே விசையில் அடக்கி, இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். நமக்கோ ச, ந, ய இல்லாமல் ஒரு வரி நகராது. ஆங்கிலத்தில் சுகமாக ஓடும் கீபோர்டு தமிழில் சுண்டுவிரலைத் தடுமாற வைப்பது இப்படித்தான்.

காட்சிக்கு வைத்திருக்கும் ஐபேடில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். சேர்த்ததும் கன்ட்ரோலையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். விண்டோஸ் டேப்லெட்டில் விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும். பிறகு இந்த வரியைத் தட்டுங்கள்:

நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்த சமையல் பழசாகிவிட்டது.

ஓரத்து எழுத்துகள் ஐந்தும் இதில் வந்துவிடும். கண்ணால் பார்க்காமல் மூன்றாம் முறை தட்டும்போதும் ய வர வேண்டிய இடத்தில் என்டர் விசையைத் தட்டிவிடுகிறீர்கள் என்றால், அந்தக் கவர் எவ்வளவு விலையானாலும் வேண்டாம். 13 அங்குல அளவில் விசைகள் முழு அகலத்தில் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தமிழ் எழுத்து பொறித்த கவர் எந்த ரகத்திலும் கிடைப்பது அரிது. ஒட்டும் ஸ்டிக்கர்தான் வழி. விளக்கு எரியும் விசைகளில் அதை ஒட்டினால் வெளிச்சம் மறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 5: மேலுறை நம் வெயிலைத் தாங்குமா?

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் மேலுறைகள் காலப்போக்கில் பிசுபிசுக்கும், ஓரத்தில் உரியத் தொடங்கும். இது சாதாரண ரகத்துக்கு மட்டும் வரும் குறை அல்ல, விலை கூடிய சிலவற்றிலும் அதே உறைதான். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் டேப்லெட் கவர்களில் வரும் அல்கன்டாரா துணி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் வியர்வையும் எண்ணெயும் படியும், வெளிர் நிறத்தில் சீக்கிரம் தெரியும். உள்ளங்கை வைக்கும் இடம் உலோகமாகவோ கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ இருந்தால் துடைப்பது சுலபம்.

படி 6: விலையும் ரசீதும்

பட்டியலில் உள்ள விலை பொருள், சேவை வரி சேர்ந்ததா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. வெளிநாட்டு இணையக் கடைகளில் கடைசிப் பக்கத்தில்தான் சேர்ப்பார்கள்.

குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' இங்கே உங்களுக்குத் துணை. கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். கரோசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படிப் பழையதை வாங்குவதானால் நேரில் போய் உங்கள் டேப்லெட்டில் மாட்டி, எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சரி, எதை எடுப்பது? தினமும் மணிக்கணக்கில், அதுவும் மடியில் வைத்து எழுதுபவர் உயர் ரகத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு ஊசித் தொடுமுனையும் டச்பேடும் உள்ள நடுத்தர விலைக் கவர் போதும். டேப்லெட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், மிச்சப்படும் வெள்ளியில் ஒரு அளவு பெரியதை எடுப்பது தமிழ்99காரர்களுக்கு அதிகப் பலன் தரும்.

படி 7: முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கவரை நன்றாக வேலை வாங்குங்கள். நாளுக்கு நாலு தடவை கழற்றி மாட்டுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால், தொடுமுனைகளைப் பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விரல் ஈரம் படிந்திருந்தாலே அப்படி ஆகும். துடைத்த பிறகும் விட்டுப்போனால், ரசீதோடு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.