ஆர்மி ஓட்டத்துக்குத் தயாராகும் தம்பிகள் ராத்திரியில் செய்யும் தவறுகள்

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. இதற்காக விடிகாலை நாலரைக்கே மைதானத்துக்கு வந்துவிடும் பையன்கள் பலர், முந்தின நாள் போனை வைத்துவிட்டுப் படுத்தது பன்னிரண்டு மணிக்கு. முதல் தவறு இதுதான்.

தினமும் ஓடும்போது கால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். ஓய்வு கிடைத்தால் உடம்பே அவற்றை அடைத்துவிடும். இஸ்ரேல் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த காலாட்படையினருக்கு இந்த எலும்பு விரிசல் பல வருடத் தலைவலியாக இருந்தது. ஷூவைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தவை இரண்டு: தினம் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது, நடக்க வைக்கும் மொத்தத் தூரத்தைக் குறைத்தது. விரிசல் விழுந்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆறு என்பது அங்கே குறைந்தபட்சக் கணக்கு. பதினெட்டு, இருபது வயதுக்கு ஏழெட்டு மணி நேரம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் சுளீரென்று வலிக்கிறதா? மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் சாப்பாடு. "சோறு தின்றால் தொப்பை வரும்" என்று ராத்திரி வெறும் வயிற்றோடு படுப்பவர்கள் உண்டு. வேகமாக ஓடத் தசைக்கு வேண்டிய எரிபொருளே சோறு, இட்லி, கிழங்கிலிருந்துதான் வருகிறது. அது காலியாக இருந்தால் மூன்றாவது ரவுண்டில் கால் கனக்கும்.

பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் வீரம் இன்னும் ஒழியவில்லை. அதன் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். டப்பா பவுடருக்குக் காசு கொட்டும் முன் அவித்த முட்டை, சுண்டல், நிலக்கடலை, பால், மீன் என்று தட்டைப் பாருங்கள்.

சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்து சரியாகச் சேராது. சாயங்காலம் ஆறு மணி டீயின் காஃபீனில் கிட்டத்தட்ட பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

தேர்வு நாளில் நள்ளிரவிலேயே வரிசையில் நிற்க வேண்டி வரலாம். அன்றைக்குத் தூக்கம் எதிர்பார்க்க முடியாது. முந்தின ஒரு வாரம் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். வழியில் பரோட்டாவும், பழக்கமில்லாத எனர்ஜி டிரிங்க்கும் வேண்டாம். பையில் இரண்டு வாழைப்பழம் இருக்கட்டும்.