தருமபுரியிலிருந்து அந்தமான்: முதல் முறை போகிறவர்கள் தங்கும் இடத்தையும் நாள் திட்டத்தையும் போடுவது எப்படி?

அந்தமான் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தாலே "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போல ஒரே ஊரில் ரூம் போட்டுவிட்டு நாலு பக்கமும் சுற்றிவர அங்கே வழியில்லை. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். கப்பல் நேரம் தெரிந்தால்தான் எந்தத் தீவில் எத்தனை ராத்திரி என்பது தெரியும். அது தெரிந்த பிறகுதான் ரூம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து குடும்பத்தோடு முதன்முறையாகக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். போகும் இடம் மூன்றே மூன்று: போர்ட் பிளேர், ஹாவ்லாக், நீல். 2018 டிசம்பரில் ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் நீலுக்கு ஷஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம், இடம் அதேதான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அதிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, கடலும் அடங்கியிருக்கும். மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், கப்பல்கள் ரத்தாகும்.

நம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாங்காய் அறுப்பெல்லாம் முடிந்து கையில் பணமும் நேரமும் வரும் ஆடி, ஆவணியில் அங்கே மழை கொட்டும். அந்த மாதங்களில் சலுகை விலை என்று யார் ஆசை காட்டினாலும் முதல் பயணத்துக்கு வேண்டாம். பொங்கல் முடிந்து தை, மாசியில் போவது உத்தமம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்பலாம். வெயில் இருக்கும், ஆனால் அரையாண்டு விடுமுறையின் டிசம்பர் கூட்டமும் விலையும் இருக்காது.

மாதம் முடிவானதும் வீட்டுத் தினக் காலண்டரை எடுத்து அந்த மாதத்து அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

படி 2: எங்கே விமானம் ஏறுவது?

பெங்களூரு, சென்னை இரண்டிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் போல, பெங்களூருவிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூட.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூருதான் பக்கம். ஆனால் விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், ஊரின் வடக்குக் கோடியில். நாம் தெற்கிலிருந்து அத்திப்பள்ளி வழியாக நுழைந்து மொத்த நகரத்தையும் தாண்ட வேண்டும். தருமபுரியிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ராத்திரி காரில் போனால் மூன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். பகலில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டினால் கணக்கே சொல்ல முடியாது. அதனால் பெங்களூரு என்றால் அதிகாலை விமானமாகப் பார்த்து எடுத்து, ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.

அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை பக்கத்தினர் சென்னையையும் யோசிக்கலாம். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையத்துக்குள் போய் இறங்கலாம். பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது.

சென்னையிலிருந்து கப்பலும் போகிறது, கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

படி 3: நோட்டில் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: நாள், காலையில் எந்தத் தீவு, கப்பல், ராத்திரி எந்தத் தீவு. பிறகு கீழிருந்து மேலே நிரப்புங்கள்.

ஆறு நாள், ஐந்து ராத்திரி என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் ஊர் திரும்பும் விமானம். அப்படியானால் ஐந்தாம் நாள் ராத்திரி போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். ஆறாம் நாள் காலை வரை ஹாவ்லாக்கில் இருந்துவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காற்று கொஞ்சம் கூடினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது.

ஐந்தாம் நாள் ராத்திரி போர்ட் பிளேர் என்றால், அன்று பிற்பகல் நீலிலிருந்து கப்பல். நான்காம் நாள் ராத்திரி நீல், அன்று காலை ஹாவ்லாக்கிலிருந்து நீலுக்குக் கப்பல். இரண்டாம், மூன்றாம் ராத்திரிகள் ஹாவ்லாக். முதல் ராத்திரி போர்ட் பிளேர். பின்னோக்கி எழுதினால் நிரப்ப முடியாத கட்டம் எது என்று உடனே கண்ணில் பட்டுவிடும்.

நான்கு நாள்தான் லீவு என்றால் நீலை விட்டுவிடுங்கள். மூன்று தீவையும் நான்கு நாளில் அடைத்தால் ஜெட்டியில் (படகுத்துறையில்) வரிசையில் நின்றது மட்டும்தான் மிச்சமாகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அங்கேயும் நம் இந்திய நேரம்தான், ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருக்கின்றன. ஜனவரியில் மாலை ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். "சாயந்திரம் ஆறு மணிக்குக் கடற்கரை" என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். அதற்குப் பதிலாகக் காலை சீக்கிரம் விடியும். பிள்ளைகளை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டால் நாள் நீளமாகக் கிடைக்கும்.

படி 4: கப்பல் டிக்கெட்

தீவுகளுக்கிடையே அரசுக் கப்பலும் தனியார் சொகுசுப் படகும் ஓடுகின்றன. அரசுக் கப்பல் மலிவு, ஹாவ்லாக் போக இரண்டரை மணி நேரம் போல ஆகும். மேல்தளத்தில் நின்று கடல் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் சீசனில் சீட்டு கிடைப்பது சிரமம். தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், ஏசி. முதல் பயணத்துக்குத் தனியார் படகே நிம்மதி. ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

எந்த ஜெட்டி என்பதை டிக்கெட்டில் பாருங்கள். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே, ஹாடோ என்று தனித்தனி இடங்கள் உண்டு. ஆதார் அட்டை ஒவ்வொருவருக்கும் கையில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும்தான்.

ஒகேனக்கல் பரிசலில் ஏறிப் பழகியவர்களுக்கும் கடல் ஆட்டம் குமட்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, படகின் நடுப்பகுதியில் உட்காருங்கள். வாந்தி மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு.

படி 5: இப்போது ரூம்

போர்ட் பிளேரில் அபெர்தீன் பஜார் பக்கம் எடுங்கள். செல்லுலார் சிறை அருகிலேயே, கடைகள் நடக்கும் தூரத்தில், தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும். அங்கே தமிழர்கள் நிறையப் பேர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் தயங்காமல் தமிழில் கேட்டுப் பாருங்கள்.

ஹாவ்லாக்கில்தான் யோசித்து எடுக்க வேண்டும். அங்கே கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். ஜெட்டி இருப்பது ஒன்றாம் எண் பக்கம். மூன்றாம் எண் கோவிந்த் நகர், கடைத்தெரு இங்கேதான். ஐந்தாம் எண் விஜய் நகர். ஏழாம் எண்தான் புகழ்பெற்ற ராதாநகர், தீவின் மேற்குப் பக்கம், ஜெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரும்பாலான விடுதிகள் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே கிழக்குக் கரையில் இருக்கின்றன.

"கடலைப் பார்த்த ரூம்" என்று கூடுதல் காசு கேட்பார்கள். கிழக்குக் கரையில் வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் வாசலில் அலையடித்த இடத்தில் மதியம் பாறையும் சேறும் பவளத் துண்டுகளும்தான் கிடக்கும், குளிக்க முடியாது. அதனால் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்காமல் மூன்றாம் எண் கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் சாதாரண ரூம் எடுங்கள். விடுதிச் சாப்பாட்டு விலையில் பாதியிலேயே வெளியே வயிறு நிறையும். வயதானவர்கள் இருந்தால், ரூம் தரைத்தளமா, வெந்நீர் உண்டா, ஜெட்டிக்கு வண்டி அனுப்புவார்களா என்று இந்த மூன்றையும் போனில் கேளுங்கள்.

நீல் சின்னத் தீவு. எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கம்தான், சைக்கிளிலேயே சுற்றலாம்.

படி 6: என்ன செய்வது

வந்து இறங்கிய முதல் நாள் மதியம் செல்லுலார் சிறை. 1896ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்த சிறை இது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் இருந்தன, இன்று நிற்பவை மூன்று. ஒரு அறையின் கதவு அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும், எதிரில் இருப்பவன் முகம் தெரியாது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தால், அவர் தமிழ்நாட்டுச் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்த கதையை இங்கே நின்று மறுபடி சொல்லுங்கள், அவர்களுக்கு நன்றாகப் புரியும். மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். எந்த இடத்துக்கு என்றைக்கு வார விடுமுறை என்று விசாரித்துக்கொண்டு நாட்களைப் போடுங்கள்.

இரண்டாம் நாள் ஹாவ்லாக்கில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு ராதாநகர். 2004ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். மணல் மெதுவாகச் சரிந்து போவதால் பிள்ளைகள் ஆடலாம். ஆற்றில் நீந்தத் தெரியும் என்ற தைரியம் கடலில் வேண்டாம், காவலர் விசில் அடித்தால் உடனே ஏறிவிடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்காதீர்கள். சதுப்புக் காட்டோரம் உப்புநீர் முதலைகள் உண்மையாகவே இருக்கின்றன.

மூன்றாம் நாள் கடலுக்குள் பார்க்கும் நாள். எலிஃபண்ட் கடற்கரையில் முகத்தில் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு இடுப்பளவு ஆழத்தைத் தாண்டியதும் பவளமும் மீன்களும் தெரிய ஆரம்பிக்கும், நீச்சல் தெரியாதவர்களை ரப்பர் வளையத்தில் பிடித்து அழைத்துப் போவார்கள். ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது) செய்ய ஆசை என்றால் நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் கூடவே இருப்பார். ஆஸ்துமா, இதய நோய், சைனஸ் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கூபா முடிந்து விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், 24 என்றால் இன்னும் நல்லது. கடைசி நாளுக்கு முந்தைய சாயந்திரம் ஸ்கூபா வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது காலண்டருக்கு வருவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நீல் தீவில் கடல் அரித்து உண்டாக்கிய இயற்கைப் பாறைப் பாலம் இருக்கிறது, வற்றத்தில்தான் அதன் அடிவரை நடந்து போக முடியும். வழியில் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டையும் நண்டும் குட்டி மீனும் அகப்பட்டுக் கிடக்கும், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பாறை வழுக்கும். வற்ற நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும் என்பதால், அன்றைய நேரத்தை முந்தின ராத்திரியே விடுதியில் கேட்டுவிடுங்கள். பகல் வற்றம் பிற்பகலில் வந்தால் நான்காம் நாளே பாலத்துக்குப் போய்விட்டு லட்சுமண்பூர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். காலையில் வந்தால் பாலம் ஐந்தாம் நாள்.

அமாவாசை இருட்டில் இன்னொன்றும் உண்டு. ஹாவ்லாக்கில் சதுப்புக் காட்டு ஓடையில் ராத்திரி துடுப்புப் படகில் கூட்டிப் போவார்கள். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னும். நுண்ணுயிர்கள் விடும் வெளிச்சம் அது. நிலா வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. இது பிடிக்கும் என்றால் பயணத்தையே அமாவாசையை ஒட்டி வையுங்கள்.

எதை விடலாம்

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு எல்லா ஏஜெண்டும் ஆள் சேர்ப்பார்கள். விடியுமுன் கிளம்பி, ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காடு வழியாகப் போலீஸ் பாதுகாப்போடு வண்டி வரிசையில் போக வேண்டும். வழியில் நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது, சட்டப்படி குற்றம். முதல் பயணத்தில் இதை விட்டுவிடுங்கள் என்பேன். அந்த மக்களை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் ஆசையில் யாரும் அந்த ரோட்டில் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கிளம்புவதற்கு முன்

சின்னத் தீவுகளில் ஏடிஎம் குறைவு, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல், ஆனாலும் சில இடங்களில் சிக்னல் தள்ளாடும். விமானம், கப்பல், ரூம் மூன்றின் டிக்கெட்டையும் காகிதத்தில் அச்செடுத்து இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது பிள்ளைகளின் பையை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். கரையில் கிடந்த பவளத் துண்டோ சங்கோ ஒன்றாவது உள்ளே இருக்கும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன் கீழ் காக்கப்படுவது, விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். எடுத்ததைக் கரையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கடையில் சங்குப் பொருள் வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் காட்டுங்கள்.